எள்ளு காயுது எண்ணெய்க்கு. சுண்ணாம்புக்கல் ஏன் காயவேணும்?

கல்லில் நார் உரிக்க முடியாது என்று நம்பியிருந்த ஒரு சமூகத்துக்கு, கல்லில் எண்ணெயே உரிக்கலாம் என்று சென்ற இதழ்க் கட்டுரை அறிவித்திருக்கிறது. எட்டுப் பக்கம். இடையிடையே வரைபடங்கள், சதவீதங்கள், கடைசியில் ஒரு நிறப்படம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அடியில் கிடக்கும் பாறையைச் சூடாக்கினால் எண்ணெய் சொட்டும், அந்த எண்ணெயில் வடக்கு தன் காலில் நிற்கும், இதை எதிர்ப்பவர்கள் கிணற்றுத் தவளைகள் என்பது அதன் சாரம். கிணற்றுத் தவளை என்ற வசையை நான் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறேன். இந்தக் குடாநாட்டின் கிணறுகளை உள்ளிருந்து பார்த்த பிராணி அது ஒன்றுதான். கட்டுரையாளர் அதனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எட்டுப் பக்கம் மிஞ்சியிருக்கும்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆளோடு அல்ல, கருத்தோடுதான் சண்டை என்ற வழக்கமான பெருந்தன்மையால் அல்ல. எட்டுப் பக்கத்தில் அவருடைய சொந்தக் கருத்து எது, கம்பனிகளின் விளம்பரத்தாளிலிருந்து இறங்கியது எது என்று என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை. அப்படியிருக்க ஒரு தனிமனிதரின் தலையில் முழுப் பழியையும் சுமத்துவது நியாயமில்லை.

முதல் பத்தியிலேயே தொடங்குவோம். அமெரிக்கா ஷேல் பாறையால் எண்ணெய் வல்லரசானது என்கிறார். உண்மை. அடுத்த வரியிலேயே, பாறையைச் சூடாக்கி எண்ணெய் வடிக்கும் அதே தொழில்நுட்பத்தை நாமும் கைக்கொள்ளலாம் என்கிறார். 'அதே' என்ற இரண்டெழுத்துக்குள் எத்தனை பெரிய பொய் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? வட டக்கோட்டாவின் பாக்கனிலும் டெக்சாசின் ஈகிள் ஃபோர்ட்டிலும் நடந்தது வேறு. அங்கே இயற்கை ஏற்கெனவே சமைத்து முடித்த எண்ணெய், இறுகிய பாறையின் நுண்ணிய இடுக்குகளில் சிக்கிக்கிடந்தது. பக்கவாட்டில் துளையிட்டு, நீரையும் மணலையும் பேரழுத்தத்தில் பாய்ச்சி, பாறையை வெடிக்கச் செய்து, அதை வெளியே விட்டார்கள். அது ஷேல் எண்ணெய். இவர் வருணிப்பது எண்ணெய் ஷேல். அதில் எண்ணெயே இல்லை. எண்ணெயாக வேண்டிய, ஆனால் ஆகாமல் நின்றுபோன ஒரு மெழுகுப் பொருள்தான் உண்டு. சொல்லை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டால் பொருள் மாறாது என்று நினைப்பவர் ஒருமுறை மாட்டு வண்டிலில் ஏறிவிட்டு, பிறகு வண்டில் மாட்டில் ஏறிப் பார்க்கட்டும். ஒன்றின் வெற்றிக் கணக்கை எடுத்து மற்றதன் தலையில் ஒட்டுவதற்கு எங்கள் ஊரில் ஆட்டுக்குள் மாட்டை விடுதல் என்று பெயர். அமெரிக்க உற்பத்தி பற்றிக் கட்டுரையில் வரும் அத்தனை எண்களும் வெடிப்புத் தொழிலுக்கு உரியவை. சூடாக்கும் தொழிலுக்கு உரிய எண் அங்கே ஒன்றுகூட இல்லை. ஏன் இல்லை என்று வாசகர் கேட்டிருப்பார், கட்டுரையாளர் கேட்கவில்லை.

அந்த மெழுகுப் பொருளுக்குக் கெரோஜன் என்று பெயர். ஸ்கொட்லாந்தின் ஷேலைப் பற்றிப் பேசும்போது 1906இல் வேதியியலாளர் கிரம் பிறவுன் வைத்த பெயர். மெழுகு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. எங்கள் ஜாம் போத்தல் விளக்கில் எரிந்த கெரோசினும் அதே சொல்லின் பிள்ளைதான். பழைய ஏரிகளிலும் கடல்களிலும் படிந்த பாசியும் நுண்ணுயிரும் களிமண்ணோடு சேர்ந்து இறுகிக் கல்லாகின்றன. நிலம் அவற்றை இன்னும் ஆழத்துக்கு இழுத்து, மெல்லிய சூட்டில் கோடிக்கணக்கான ஆண்டுகள் அவித்தால் எண்ணெய் கிடைக்கும். ஆழம் போதாவிட்டால் கெரோஜனாகவே நின்றுவிடும். முற்றாத பனங்காயைச் சுட்டுக் களி பிசைய முயலும் பிள்ளையைப் போல, இயற்கை அவிக்காமல் விட்டதை மனிதன் சுமார் 500 பாகை செல்சியஸ் சூட்டில், காற்றுப் புகாத உலையில், சில மணி நேரத்தில் அவித்துமுடிக்கப் பார்ப்பதுதான் இந்தத் தொழில். முடியாதா? முடியும். ஜேம்ஸ் யங் 1850இல் காப்புரிமை பெற்றுப் பாத்கேற்றில் உலை மூட்டினார். முதலில் ஒருவகை நிலக்கரியையும், பிறகு ஷேலையும் வாட்டிப் பரஃபின் எடுத்து ஊர் விளக்கெல்லாம் எரியவைத்தார். அந்தத் தொழில் 1962இல் செத்தது. வெஸ்ற் கால்டருக்கு அருகே அது விட்டுச்சென்ற எரிந்த கல்லின் குன்றுகள் ஐந்து சகோதரிகள் என்ற பெயரில் இன்று பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். குப்பையை அகற்ற முடியாதபோது அதைப் பாரம்பரியம் ஆக்கிவிடும் கலையில் ஐரோப்பியரை வெல்ல ஆளில்லை.

இதெல்லாம் இருக்கட்டும். சூடாக்க வேண்டிய அந்த ஷேல் எங்கே ஐயா?

ஷேல் என்பது களிமண் அமுங்கித் தட்டுத் தட்டாய்க் கல்லானது. குடாநாட்டின் மேனியோ மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். கடலடியில் சிப்பியும் பவளமும் சமாதியான கல். களிமண்ணுக்கு இங்கே எவ்வளவு தட்டுப்பாடு என்பதற்குச் சாட்சி வேண்டுமா? ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950இல், காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. சீமெந்துக்கு வேண்டியவற்றில் சுண்ணாம்புக்கல்லைக் காலடியில் தோண்டினார்கள். களிமண்ணை மன்னாரின் முருங்கனிலிருந்து ரயிலில் ஏற்றி வந்தார்கள். ஒரு தொழிற்சாலைக்கான களிமண்ணையே இரவல் வாங்கிய நிலத்தில், கல்லான களிமண் பல கோடித் தொன் கிடக்கிறது என்று எழுதுவதற்கு ஆய்வு தேவையில்லை, துணிச்சல் போதும்.

'பாறையைச் சூடாக்குவது வடக்குக்குப் புதிய சிந்தனை' என்று வேறு எழுதுகிறார். புதிய சிந்தனையா? பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து சூளை வைத்துக் கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த மண் இது. காங்கேசன்துறை உலைகளில் கல்லை 1,450 பாகை வரை வாட்டினார்கள். எங்கள் கல்லை வாட்டினால் என்ன வரும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்: 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லில் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். வெற்றிலைக்கு உதவும். எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை ஏன் காயுது என்று எங்கள் கிழவிகள் கேட்பார்கள். அந்தக் கேள்வியின் முன்னால் நிற்க எந்தப் பொறியியல் பட்டமும் போதாது.

'மேலே சுண்ணாம்புக்கல்தான், ஆனால் கீழே காவேரிப் படுகையின் நீட்சி இருக்கிறதே' என்று அவர் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. இருக்கிறது, மறுக்கவில்லை. பாக்கு நீரிணையின் இரு கரையையும் அடியில் இணைக்கும் அந்தப் படிவுப்படுகையை நம்பித்தான் 1970களில் சோவியத் துணையோடு பேசாலையில் கிணறுகள் தோண்டினார்கள். வணிகத்துக்கு உதவும் எண்ணெய் வரவில்லை. 2011இல் கெயார்ன் நிறுவனம் மன்னார்க் கடலில் தோண்டி டொராடோ, பரக்கூடா என்று பெயரிட்ட கிணறுகளில் இயற்கை வாயுவைக் கண்டது. கண்டுவிட்டு, சில ஆண்டுகளில் மூட்டை கட்டியது. ஆனால் இதுவல்ல விஷயம். இவை எல்லாமே இயற்கை அவித்து முடித்த எண்ணெயையும் வாயுவையும் தேடிய கதைகள்; வாட்டுவதற்குக் கெரோஜன் தேடிய கதைகள் அல்ல. மறுபடியும் வண்டிலும் மாடும்.

கட்டுரையில் என்னை மிகவும் மகிழ்வித்த இடம் ஆழம் பற்றியது. மூன்றாம் பக்கத்தில், தோண்டும் செலவு குறைவு என்று காட்டவேண்டிய தேவை வருகிறது. ஆகவே பாறை 'மேற்பரப்புக்கு மிக அண்மையில்' படுத்திருக்கிறது. ஆறாம் பக்கத்தில், குடிநீர் கெடாது என்று காட்டவேண்டிய தேவை. உடனே அதே பாறை 'நிலத்தடி நீருக்கு எட்டாத பேராழத்தில்' போய்ப் படுத்துக்கொள்கிறது. இரண்டு பக்க இடைவெளியில் ஒரு புவிப்படையை இத்தனை ஆழத்துக்கு இறக்கிய நிகழ்வு இமயமலை எழுந்ததற்குப் பிறகு நடந்திருக்காது. மேலே இருந்தால் தண்ணீர் கெடும், கீழே இருந்தால் காசு கெடும். இரண்டும் கெடாமல் இருக்க ஒரே வழி, பாறை கட்டுரையில் மட்டும் இருப்பதுதான்.

இனித் தண்ணீர். தவளையின் விடயம் என்பதால் கொஞ்சம் ஆறுதலாகப் பேசவேண்டும்.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாற்றை ஆறு என்பது மரியாதைக்காக. அது மாரிக்கு மட்டும் எழும்பி வரும் விருந்தாளி. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்று கொட்டுவதைச் சுண்ணாம்புக்கல் குடித்து வைத்திருக்கிறது. வெடிப்பும் பொந்தும் குகையுமான அந்தக் கல்தான் எங்கள் குளம், எங்கள் அணை, எங்கள் தொட்டி. அதற்குள் நன்னீர் ஒரு வில்லையின் வடிவில், கீழே உள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நிற்கும் என்பது கைபன், ஹெர்ட்ஸ்பெர்க் என்ற இருவர் கணக்கிட்டுச் சொன்ன விதி. மேலே ஓரடியைத் தின்றால் கீழே நாற்பதடியைக் கடல் தின்னும். புத்தூருக்கு அருகே நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் நிற்பதை விஞ்ஞானியும் பார்த்தார், சுற்றுலாவுக்கு வந்த பள்ளிப் பிள்ளையும் பார்த்தது. கீரிமலைக் கேணியில் கடலுக்கு எட்டிய தூரத்தில் நன்னீர் பொங்குவதும் இந்தக் கல்லின் குடல் வழியாகத்தான். ஓர் இடத்தில் ஊற்றியது எங்கே போய் எழும்பும் என்று எவராலும் உறுதி கூறமுடியாத பாறை இது.

இந்தப் பாறைக்குள் சூடேற்றி எண்ணெய் எடுக்கும்போது நிலத்தடி நீரை எப்படிக் காப்பது? கட்டுரையாளர் ஒரு சொல்லில் முடித்துவிட்டார்: 'உறைசுவர்'. கொலராடோவில் ஷெல் நிறுவனம் செய்தது போல. சரி, ஷெல் செய்ததைச் சொல்வோம். கல்லை வெளியே தோண்டாமல், நிலத்துக்குள்ளேயே மின்சூடாக்கிகளை இறக்கி, 340 பாகைக்கு மேல், ஆண்டுக்கணக்கில் பாறையை வாட்டுவது அவர்கள் வழி. சூடான பாறையின் எண்ணெய் சுற்றியிருக்கும் நீரில் கலக்காமல் இருக்க, சுற்றிலும் நெருக்கமாகத் துளைகளிட்டு, குளிரூட்டிய திரவத்தைச் சுழலவிட்டு, நிலத்தடி நீரையே பனிக்கட்டியாக்கி மதில் எழுப்பினார்கள். உள்ளே அடுப்பு, வெளியே ஐஸ்பெட்டி, இரண்டுக்கும் மின்சாரம். ஒரு சிறு நிலத்துண்டில் செய்த சோதனையில் சுமார் 1,700 பீப்பாய் எண்ணெய் கிடைத்தது. உலகின் மிகப் பெரிய எண்ணெய்க் கம்பனிகளில் ஒன்று, உலகின் மிக வளமான ஷேல் நிலத்தில், பல பத்தாண்டு முயன்றுவிட்டு, 2013இல் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பியது. கட்டுரையில் உறைசுவர் உண்டு, 2013 இல்லை. ஆண்டை மறந்துவிட்டாரா, ஆண்டுதான் அவரை மறக்கச் சொன்னதா?

கொலராடோவில் கைவிட்ட சுவரை உரும்பிராயில் எழுப்பலாம் என்கிறார். நீர் வேகமாக ஓடாமல் இருந்தால்தான் அப்படி ஒரு சுவர் உறையும். குகையும் பொந்துமாகக் கடலோடு பேசிக்கொண்டிருக்கும் கல்லில், ஓடும் நீரை உறைய வைக்க அவர் முதலில் பாக்கு நீரிணையை உறைய வைக்கவேண்டும். போதாக்குறைக்கு, இந்தத் தொழிலில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஒன்றிலிருந்து மூன்று பீப்பாய் வரை நீர் செலவாகும் என்பது வழமையான மதிப்பீடு. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தை 2024இல்தான் திறந்தோம். குடிக்க நீர் போதாமல் கடலைக் கடைந்து குடிக்கும் ஊரில், நீரைக் கொடுத்து எண்ணெய் வாங்கும் வியாபாரம்!

நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தால் என்ன நடக்கும் என்று ஊகிக்கும் தேவை எங்களுக்கு இல்லை. சுன்னாகம் இருக்கிறது. அனல்மின் நிலையச் சூழலில் கிணற்றுநீரில் எண்ணெய் மிதந்தபோது, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014 ஆண்டுகளில் சோதித்த 150 கிணறுகளில் 109இல் எண்ணெயும் கிரீசும் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தன. பின்னர் மாகாண சபையின் நிபுணர் குழு ஒன்று வந்து பயப்பட ஒன்றுமில்லை என்றது. சனங்கள் நிபுணரை விட்டுவிட்டு மூக்கை நம்பினார்கள், பவுசர் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மூக்கின் பக்கம் தீர்ப்பளித்தது: நோர்தேர்ன் பவர் கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும், மாசுபடுத்தியவனே செலவைச் சுமக்கவேண்டும். ஓர் அனல்மின் நிலையத்தில், தொட்டியில், மேற்பரப்பில் இருந்த எண்ணெயைக் கட்டிக்காக்க முடியாத ஊரில், பாறைக்குள்ளேயே எண்ணெயை உருவாக்கி, பாறைக்குள்ளேயே காவல் காக்கப் போகிறாராம்.

இதற்கு அவர் எழுதியிருக்கும் மறுமொழி ஒரே வாக்கியம்: 'சுன்னாகம் ஒரு நிர்வாகத் தவறு, தொழில்நுட்பத் தவறு அல்ல.' அருமை. அப்படியானால் அந்த நிர்வாகத்தை மாற்றிவிட்டீர்களா? அனுமதி வழங்கும் அதே கந்தோர்கள், மேற்பார்வை செய்யும் அதே அதிகார சபைகள், பரிசோதிக்கும் அதே ஆய்வுகூடங்கள்தானே இருக்கின்றன? நிர்வாகம் சரியில்லை என்று ஒப்புக்கொண்டவர், நூறு மடங்கு கடினமான வேலையை அதே நிர்வாகத்தின் கையில் கொடுப்பதற்குப் பெயர் நம்பிக்கையா, நக்கலா?

எஸ்தோனியாவைப் பற்றி அவர் உருகியிருக்கிறார். சின்ன நாடு, சோவியத்துக்கு அடிமைப்பட்டிருந்த நாடு, சொந்த ஷேலால் நிமிர்ந்த நாடு. ஒடுக்கப்பட்ட தமிழன் கற்கவேண்டிய பாடம். 1916இல் ஷேல் அகழத் தொடங்கியது, பல பத்தாண்டாக மின்சாரத்தின் பெரும்பகுதியை அதிலிருந்து எடுத்தது எல்லாம் உண்மைதான். அவர்களின் ஷேல் உலகின் கொழுத்த இனங்களில் ஒன்று என்பதையும், அங்கே சதுர கிலோமீற்றருக்குச் சுமார் முப்பது பேர் மட்டுமே வாழும்போது யாழ்ப்பாண மாவட்டத்தில் ஐந்நூறுக்கு மேல் நெருக்கியடித்து வாழ்வதையும், கொஹ்ட்லா-யார்வெயைச் சுற்றிச் சாம்பல் மலைகள் எழுந்ததையும், நிலத்தடி நீரில் பீனோல் கலந்ததையும் எழுத அவருக்கு இடம் போதவில்லை. நல்ல அமெரிக்க ஷேலில்கூட ஒரு தொன்னுக்கு சுமார் நூறு லீற்றர் எண்ணெய்தான். மீதி எல்லாம் வாட்டப்பட்ட கல், அதுவும் வாட்டியபின் பொரிபோல் உப்பி, தோண்டிய குழிக்குள் திரும்ப அடங்காத கல். அதை எங்கே கொட்டுவது? கோப்பாய்ப் புகையிலைத் தோட்டத்திலா, தொண்டைமானாற்றிலா? முன்பு சீமெந்துக்குத் தோண்டிய குழிகளே இன்னும் மூடப்படாமல் நிற்கின்றன.

அடுத்து அவருடைய உருக்கமான ஆயுதம். 1990களின் பொருளாதாரத் தடையை நினைவூட்டுகிறார். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம். கார்புரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோலை விட்டு உதைத்துக் கிளப்பி, பிறகு புகை கக்கிக்கொண்டு போன காலம். 2022இல் கியூஆர் குறியோடு நின்ற வரிசையையும் சேர்த்துக்கொள்கிறார். நமக்கென்று எண்ணெய் இருந்திருந்தால் இந்த அவலம் வந்திருக்குமா என்று கேட்கிறார். கண்ணில் நீர் வருகிறது. அந்தப் புகை என் கண்ணிலும் பட்டதுதான். ஆனால் முற்றுகைக்குள் ஷேலை வாட்டிப் பார்த்த நாடு ஒன்று உண்டு: சுவீடன். உலகப் போரில் கடல்வழி அடைபட்டபோது, 1942இல் குவார்ன்தோர்ப்பில் ஷேல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். நிலத்துக்குள்ளேயே மின்சூடாக்கி இறக்கும் வித்தையையும் அங்கே யூங்ஸ்திரோம் என்பவர் செய்துகாட்டினார். போர் முடிந்தது, கடல் திறந்தது, மலிந்த எண்ணெய் வந்தது. 1966இல் இழுத்து மூடினார்கள். எரிந்த கல்லைக் குவித்த குன்று மட்டும் நூறு மீற்றர் உயரத்தில் நிற்கிறது. அதன் வயிறு இன்றும் கனன்றுகொண்டிருக்கிறது. அதன்மேல் இப்போது சிற்பங்களை நட்டு, பார்க்க ஆட்களை ஏற்றுகிறார்கள். சுவீடனிடம் அன்று இன்னொன்றும் இருந்தது: அருவியிலிருந்து கிடைத்த மலிந்த மின்சாரம். எங்களிடம் என்ன இருக்கிறது?

சுன்னாகத்தில் எண்ணெயை எரித்து மின்சாரம் எடுப்போம். அந்த மின்சாரத்தால் கல்லைச் சூடாக்குவோம். கல்லிலிருந்து எண்ணெய் எடுப்போம். அந்த எண்ணெயைச் சுன்னாகத்துக்கு அனுப்புவோம். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் குறையும். துலாவின் ஒரு நுனியில் ஓட்டை வாளியைக் கட்டி இறைத்து, இறைத்த தண்ணீரை அதே கிணற்றுக்குள் ஊற்றுகிறவனைக்கூட ஊர் விசரன் என்றுதான் சொல்லும். அவனுக்கும் ஒரு திட்ட அறிக்கை இருந்தால் ஆலோசகர் என்று சொல்லுமோ?

எண்ணெய் விலை பற்றியும் ஒரு சொல். பீப்பாய் விலை உயரும்போதெல்லாம் இந்தக் கனவு உலகெங்கும் எழும்பும், இறங்கும்போது படுக்கும். 1982 மே 2ஆந் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, எக்ஸோன் நிறுவனம் கொலராடோவில் தன் கொலனித் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அடுத்த நாள் வேலையில்லாதவர்கள். அந்த ஊர்களில் இன்றும் அதைக் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள். ஷேல் பற்றிய எந்த அறிமுக நூலிலும் இருக்கும் கதை. எட்டுப் பக்கத்தில் இல்லை.

இவ்வளவையும் அறியாமையால் எழுதினார் என்று நம்ப எனக்கும் ஆசைதான். அறியாமைக்கு மன்னிப்பு உண்டு. ஆனால் ஒரு முரண் இடறுகிறது. இதே பேனா சில ஆண்டுகளுக்கு முன் காற்றாலைகளுக்கு எதிராகக் கண்ணீர் வடித்தது: பறவை பறக்கும் வழி அடைபடும், மண்ணின் அமைதி கெடும், வெளியார் முதலீடு எங்கள் வளத்தைக் கொள்ளையிடும். அந்த வாதங்களில் சிலவற்றை நானும் மதிக்கிறேன். ஆனால் பளையில் சுழலும் காற்றாலையால் அமைதி கெடும் மண், பாறையை 500 பாகைக்கு வாட்டினால் மட்டும் எப்படித் தாலாட்டுக் கேட்டுத் தூங்கும்? நாரைக்கு இரங்கியவர் மனிசருக்கு ஏன் இரங்கவில்லை? காற்றுக்குக் குத்தகை எழுத முடியாது, பாறைக்கு எழுதலாம் என்பதா காரணம்?

விடை ஏழாம் பக்கத்தில், ஓர் அடைப்புக்குறிக்குள் ஒளிந்திருக்கிறது. சோதனைக் கிணறுகளுக்கு உகந்த இடமாக அவர் காட்டுவது வலிகாமம் வடக்கு. காரணம்: '(மக்கள் குடியிராத நிலப்பரப்பு என்பதால் இடப்பெயர்வுச் செலவு இல்லை).' இந்த வரியை மூன்று தரம் வாசித்தேன். குடியிராத நிலமாம். ஏன் குடியிராத நிலம்? 1990இல் அங்கிருந்த குடிகளைக் கிளப்பிவிட்டு முள்வேலி போட்டதால். கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தும் இன்னும் விடுவிக்காத காணிகள் அங்கே உண்டு. உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்று தன் வீட்டு மாமரத்தைப் பார்க்கும் கிழவர்கள் உண்டு. அவர்கள் முப்பது ஆண்டுக்கு மேலாகச் சுமந்த இடப்பெயர்வின் செலவை, வேறு யாரோ ஏற்கெனவே கட்டிவிட்ட கணக்கு என்று இவர் வரவில் எழுதுகிறார். இராணுவம்கூடப் பாதுகாப்பு என்று ஒரு காரணம் சொன்னது. இவர் சிக்கனம் என்கிறார். எண்ணெய் வருமோ வராதோ, ஆய்வுக்கான அனுமதிப்பத்திரம் வந்துவிட்டால் அந்தக் காணிகள் திரும்பக் கிடைக்க இன்னொரு முப்பது ஆண்டு ஆகும். ஷேலே இல்லாத இடத்தில் ஷேல் தேடுவதில் ஒரு வசதி உண்டு: தேடல் ஒருபோதும் முடியாது.

கடைசியாக அந்த நிறப்படம். எட்டாம் பக்கத்தில் பாதியை அடைத்து நிற்கிறது: கரும்பழுப்பு நிறத்தில் தகடு தகடாய் உடைந்த பாறை, பக்கத்தில் அளவு காட்ட ஒரு சுத்தியல். கீழே 'வட பகுதியில் காணப்படும் ஷேல் பாறை' என்று எழுதியிருக்கிறது. எந்த வடபகுதி என்று எழுதவில்லை. வீட்டில் பூதக்கண்ணாடி வைத்திருப்பவர்கள் அந்தப் படத்தின் வலது கீழ் மூலையைப் பார்க்கவும். சுத்தியலுக்குப் பின்னால் வெள்ளையாக, மெத்தென்று, ஓரம் உருகிக் கிடப்பதை முதலில் நான் சுண்ணாம்பு என்றுதான் நினைத்தேன். அது பனி. ஊசியிலை மரம் ஒன்றின் கிளையும் அதன்மேல் விழுந்து கிடக்கிறது. கீரிமலையில் பனை உண்டு, பூவரசு உண்டு, இலுப்பைகூட உண்டு. இந்த மரம் எந்த வளவில் நிற்கிறது என்று கட்டுரையாளர் அடுத்த இதழில் எழுதினால், நானே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்; கம்பளிச் சட்டை வேண்டுமா என்பதையும் மறக்காமல் எழுதவும்.